இணையத்தின் குடுமி யார் கையில்?

"அமெரிக்காக்காரன் நினைச்சா ஒரே நாள்ல நம்ம நெட்டையெல்லாம் நிறுத்திடலாமாமே?" சேலத்து டீக்கடைகளில் தொடங்கி கல்லூரி வகுப்பறை வரை அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. "ஆமாம்" என்று ஒரே அடியாகச் சொல்வதும் தப்பு, "அதெல்லாம் முடியாது" என்று தள்ளிவிடுவதும் தப்பு. இணையம் ஒரே பொருளாக இருந்தால்தான் அப்படி ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியும். கம்பி வேறு, எண் வேறு, பெயர் வேறு, நாம் லாகின் செய்யும் கணக்கு வேறு. ஒவ்வொன்றின் குடுமியும் ஒவ்வொருவர் கையில் இருக்கிறது. கம்பியில் இருந்து தொடங்குகிறேன். அதை மட்டும் வீட்டில் உட்கார்ந்தபடியே அளந்து பார்க்கலாம்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நம் டேட்டா போகும் வழியை வரிவரியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளைக்கு (விண்டோஸில் tracert) இலக்காக 8.8.8.8 என்ற கூகுள் முகவரியைக் கொடுங்கள். வைஃபையில் வேண்டாம், ரவுட்டரில் இருந்து லேன் கேபிள் போட்டுச் செய்யுங்கள். முதல் வரி உங்கள் ரவுட்டர், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அடுத்த ஒன்றிரண்டு வரிகள் லைன் கொடுப்பவரின் கருவிகள். அதற்குப் பிறகு வரும் ரவுட்டர்களின் பெயருக்குள் பல சமயம் விமான நிலையக் குறியீடு இருக்கும். எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, பி.ஓ.எம். என்றால் மும்பை, எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூர், எம்.ஆர்.எஸ். என்றால் பிரான்சின் மார்செய்.

இப்போது மில்லிசெகண்ட் எண்ணைப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 100 கி.மீ. தூரத்துக்கு 1 மில்லிசெகண்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சேலத்தில் இருந்து சென்னை சாலை வழியில் சுமார் 340 கி.மீ. ஆகவே 3.4 மில்லிசெகண்டுக்குக் கீழே சென்னையில் இருந்து பதில் வர வழியே இல்லை. இழை சாலையைவிடச் சுற்றிப் போகும், வழியில் உள்ள ரவுட்டர்களும் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால் 8, 10, 15 என்று காட்டும். ஐ.பி. முகவரியின், அதாவது இணையத்தில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்ணின், இடத்தைச் சொல்லும் தளங்களில் 8.8.8.8 அமெரிக்காவில் இருப்பதாகப் போட்டிருக்கும். ஆனால் 10 மில்லிசெகண்டில் பதில் வந்துவிட்டால், பதில் சொன்ன இயந்திரம் 1,000 கி.மீ. இழைக்குள்தான் இருந்தாக வேண்டும். அமெரிக்க மேற்குக் கரைக்குப் போய் வருவதற்கு 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஒரே முகவரியை உலகில் பல ஊர்களில் உள்ள இயந்திரங்கள் பகிர்ந்துகொண்டு, அருகில் இருப்பது பதில் சொல்லும் ஏற்பாடு இது. எனிகாஸ்ட் என்பார்கள்.

ட்ரேஸ்ரூட்டைப் படிப்பதில் இரண்டு இடங்களில் எல்லோரும் சறுக்குகிறார்கள். நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் லைன் அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த ரவுட்டர் இந்த வகைக் கேள்விக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் ஒரு வரி மட்டும் 90 காட்டி, அதற்கு அடுத்தது 12 காட்டினாலும் கவலை வேண்டாம். டேட்டாவைக் கடத்துவதுதான் ரவுட்டருக்கு முதல் வேலை, நம் கேள்விக்குப் பதில் சொல்வது கடைசி வேலை. கடைசி வரை எண் குறையாமல் உயர்ந்தே இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்தச் சோதனை சொல்லும் செய்தி பெரியது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களை லைன் கொடுக்கும் நிறுவனங்களின் டேட்டா சென்டர்களிலேயே தங்கள் சேமிப்புப் பெட்டிகளை வைத்து அங்கிருந்து தருகின்றன. ஏற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒருவர் பார்க்கும் வீடியோ கடல் தாண்டுவதே அபூர்வம். நிறுவனம் அமெரிக்காவினுடையது, பெட்டி நம் பக்கத்தில் இருப்பது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடல் தாண்டும் டேட்டாவுக்குச் சென்னைக் கரையில் பல கேபிள்கள் ஏறுகின்றன. 2002இல் சிங்கப்பூரில் இருந்து வந்த ஐ2ஐ (சுமார் 3,200 கி.மீ.), 2004இன் டாடா கேபிள், அதன் பிறகு சீ-மீ-வீ 4, வங்காள விரிகுடா கேட்வே என்று வரிசை நீள்கிறது. இவை எல்லாம் ஒரே நாட்டின் கையில் இல்லை. கடலடிக் கேபிள் செய்து போடும் பெரிய நிறுவனங்களும் அமெரிக்காவின் சப்காம், பிரான்சின் அல்காடெல் சப்மரைன், ஜப்பானின் என்.இ.சி., சீனாவின் எச்.எம்.என். என்று நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கின்றன. ஐரோப்பா போகும் கேபிள்கள் பெரும்பாலும் செங்கடல் வழியாக எகிப்தைக் கடந்தாக வேண்டும். 2008 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுக்க நெட் தடுமாறியது. கம்பி என்று பார்த்தால் நமக்கு அமெரிக்காவைவிட எகிப்தும் சிங்கப்பூரும்தான் முக்கியம்.

வல்லரசாக இல்லாத நாடும் உலக இணையத்தைக் கலைத்துவிட முடியும். 2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது அதுதான். பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க நினைத்தது. யூடியூப் தன் 1,024 முகவரிகள் கொண்ட தொகுதியை "இது எங்களிடம் வரும்" என்று அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் இருந்த 256 முகவரிகளை மட்டும் தனியாக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங்கில் இருந்த இணைப்பு நிறுவனம் வழியாக வெளியே கசிந்து, உலகம் பூராவும் யூடியூபுக்குப் போக வேண்டிய டேட்டா பாகிஸ்தானை நோக்கித் திரும்பிவிட்டது. ரவுட்டர்களின் விதி அப்படி: சிறிய தொகுதிக்கான அறிவிப்பே வெல்லும். தபால் பிரிப்பவர் முன்னால் "சேலம்" என்று ஒரு சாக்கும் "அம்மாபேட்டை" என்று ஒரு சாக்கும் இருந்தால், அம்மாபேட்டைக் கடிதத்தை இரண்டாவது சாக்கில்தானே போடுவார்? அந்தச் சாக்கை வைத்தது யார் என்று ரவுட்டர் கேட்கவில்லை. கேட்க வைக்கும் ஏற்பாடு, அதாவது முகவரிக்கு உரியவர் டிஜிட்டல் கையெழுத்திட்டு வைப்பது, இப்போது பரவி வருகிறது. சேலத்தில் சொந்த முகவரித் தொகுதி வைத்திருக்கும் சிறு நெட் நிறுவனங்கள் இன்னும் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை என்றால் உடனே போட்டுவிட வேண்டும்.

எண்ணுக்கு வருவோம். பழைய ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவிடம். இந்தியாவிடம் 4 கோடி அளவுக்குத்தான். ஆரம்ப காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் 1.67 கோடி முகவரிகள் கொண்ட கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். 17 என்று தொடங்கும் கட்டு முழுவதும் இன்றும் ஆப்பிள் நிறுவனத்தினுடையது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் அப்படிப் பல கட்டுகள். 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. தாமதமாகப் பந்திக்கு வந்த நமக்கு இலையில் விழுந்தது அவ்வளவுதான்.

இந்தப் பற்றாக்குறை நேராக வந்து இடிக்கும் இடம் ஏற்காட்டு ஹோம்ஸ்டேயின் சிசிடிவி. கேமராவை சேலத்தில் இருந்து பார்க்க வெளியில் இருந்து வரும் அழைப்பைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் போட்டிருப்பார்கள், வேலை செய்யாது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது ரவுட்டருக்கு லைன்காரர் கொடுத்த முகவரி, என்று ஒன்று இருக்கும். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், பலருக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வெளியில் இருந்து வரும் அழைப்புக்கு எந்த வீட்டுக் கதவைத் திறப்பது என்று லைன்காரரின் கருவிக்குத் தெரியாது. உங்களுக்கென்று மாறாத பொது முகவரியைக் காசு கொடுத்து வாங்கலாம், அல்லது புதிய முகவரி முறையான ஐ.பி. 6ஆம் பதிப்பு இருக்கிறதா என்று கேட்கலாம், கேமராவும் அதை ஏற்க வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் கேமராவோடு வரும் ஆப்பை நம்புகிறார்கள். அந்த ஆப், படத்தைத் தயாரிப்பாளரின் சர்வர் வழியாகத் திருப்பி அனுப்பும், அது பெரும்பாலும் சீன நிறுவனம். எண் பற்றாக்குறை ஒரு நாட்டால் வந்தது, அதைச் சமாளிக்கப் போய் இன்னொரு நாட்டின் கையில் விழுகிறோம். 6ஆம் பதிப்பு முகவரிக்குப் பஞ்சமே கிடையாது. 2016இல் ஜியோ வந்ததில் இருந்து இந்தியா அதில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

பெயர்தான் அதிகம் பயமுறுத்தும் பகுதி. எந்த டொமைன், அதாவது இணையப் பெயர், எங்கே இருக்கிறது என்பதன் உச்சியில் ரூட் (வேர்) சர்வர்கள். 13 எழுத்துப் பெயர்கள், அவற்றை நடத்துபவை 12 அமைப்புகள். அதில் 9 அமெரிக்காவில். நாசாவும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும்கூட அதில் அடக்கம். மீதி மூன்று ஸ்வீடன், நெதர்லாந்து, ஜப்பான். பட்டியலைப் பராமரிக்கும் ஐகான் 1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு. பட்டியலுக்கு இடும் ரகசியக் கையெழுத்துச் சாவிகள் வர்ஜீனியாவின் கல்பெப்பரிலும் கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் பெட்டகத்துக்குள் இருக்கின்றன. இதைப் படித்தவுடன் "அப்புறம் என்ன, எல்லாம் அவர்கள் கையில்தானே" என்று தோன்றும்.

ஆனால் இதே உச்சிதான் நடைமுறையில் மிகவும் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் சென்னை உள்பட உலகெங்கும் 1,500க்கும் மேற்பட்ட பிரதிகள் ஓடுகின்றன. பட்டியல் சில மெகாபைட் அளவே உள்ள கோப்பு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள பதில்களை உங்கள் நெட் நிறுவனத்தின் சர்வர் 2 நாள் வரை நினைவில் வைத்திருக்கும். அமெரிக்க வணிகத் துறையின் மேற்பார்வையும் 2016 அக்டோபர் 1 அன்று முடிந்துவிட்டது. 2022இல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது, ரஷ்யாவின் டாட் ஆர்.யூ.வை ரூட்டில் இருந்து நீக்கும்படி உக்ரைன் எழுதிக் கேட்டது. ஐகான் மறுத்துவிட்டது. அப்படிப்பட்ட போர்க்காலத்திலும் கை வைக்காத இடம் அது. ஒருமுறை கை வைத்தால் ஒவ்வொரு நாடும் தனிப் பட்டியல் போட்டுக்கொள்ளும், பிறகு உச்சி என்று ஒன்றே இருக்காது என்பது அவர்களுக்கும் தெரியும்.

உச்சியைவிட ஒரு படி கீழேதான் சட்டத்தின் கை நிஜமாகவே நீளுகிறது. டாட் காம் பட்டியலை நடத்தும் வெரிசைன், வர்ஜீனியாவில் உள்ள நிறுவனம். 2012 பிப்ரவரியில் போடாக் என்ற சூதாட்டத் தளத்தின் டாட் காம் பெயரை அமெரிக்க அதிகாரிகள் பறித்தார்கள். அந்தப் பெயர் பதிவாகியிருந்தது கனடா நிறுவனத்தில். கனடாவிடம் அவர்கள் போகவே இல்லை, நேராக வெரிசைனிடம் உத்தரவைக் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்பவர் டாட் காம் வாங்கினாலும், அந்தப் பெயர் அமெரிக்க நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. டாட் இன் வாங்கினால் அதன் பொறுப்பு நிக்சி என்ற இந்திய அமைப்பிடம், இந்தியச் சட்டத்தின் கீழ். அதன் பின்னணித் தொழில்நுட்ப வேலையை அஃபிலியாஸ், நியூஸ்டார் என்று வெளிநாட்டு நிறுவனங்களே செய்துவந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழிலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று மூன்று உச்சிப் பெயர்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆனால் ரூட் பட்டியலுக்குள் அவை தமிழ் எழுத்தாக இல்லை. எக்ஸ், என், இரண்டு கோடுகள் என்று தொடங்கும் லத்தீன் எழுத்துக் கோவையாக மாற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அடித்தளமான ஆஸ்கி என்பதன் விரிவிலேயே "அமெரிக்கத் தரக் குறியீடு" என்று இருக்கிறது. ஆங்கில எழுத்து 1 பைட்டில் அடங்க, தமிழில் "கி" என்று எழுத 6 பைட் ஆகிறது: "க"வுக்கு 3, கொக்கிக்கு 3. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70. அதிலும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். கூட்டுறவுச் சங்கமோ பள்ளியோ தமிழில் அனுப்பும் அறிவிப்புக்கு இரண்டு மூன்று மடங்கு எஸ்.எம்.எஸ். காசு போவதற்கு இதுதான் காரணம். ஆதிக்கம் என்று பேசும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

பிரௌசரில் தெரியும் பூட்டும் அதே கதைதான். தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ்களில் எதை நம்பலாம் என்ற பட்டியலை வைத்திருப்பவை கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, நான்கும் அமெரிக்காவில்.

இனி கணக்கு. ஒரு நாட்டின் பிடி என்று நான் நம்புவது இங்கேதான் இருக்கிறது. சேலத்து வியாபாரியின் மெயில், புகைப்படங்கள், விலைப் பட்டியல், வாட்ஸ்ஆப் ஆர்டர்கள், கூகுள் மேப்பில் கடையின் இடம், எல்லாமே சென்னையிலோ மும்பையிலோ உள்ள பெட்டியில் இருந்து வந்தாலும், கதவைத் திறக்கவும் மூடவும் முடிவெடுப்பது அமெரிக்க நிறுவனம், அது கேட்பது அமெரிக்கச் சட்டத்தை. 2019 ஜூலையில், நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப், அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரானிலும் சிரியாவிலும் கிரிமியாவிலும் இருந்த நிரலாளர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்தின் மெயில் முதலான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது; சில நாளில் சேவை திரும்பியது. இத்தனைக்கும் அங்கே தடை விதித்தது அமெரிக்காவும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியம். கம்பி அறுபடவில்லை, டொமைன் போகவில்லை, லாகின் மட்டும் நின்றது.

யு.பி.ஐ. இதற்கு நல்ல எதிர்ப்பக்கம். பணப் பரிமாற்றத் தகவல் இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. தண்டவாளம் நம் தேசியப் பணப் பரிமாற்றக் கழகத்தினுடையது. அதில் ஓடும் வண்டிகளில் ஐந்தில் நான்கு அளவுக்கு வால்மார்ட்டின் ஃபோன்பேயும் கூகுள் பேயும். ஆனாலும் தண்டவாளம் நம்முடையது என்பதால், ஒரு வண்டி நின்றால் வாடிக்கையாளர் அடுத்த நிமிடம் இன்னொரு ஆப்பில், அதே வங்கிக் கணக்கில் பணம் அனுப்பலாம். ஜிமெயிலில் இருந்து அப்படி மாற முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஜிமெயிலை விடச் சொல்லவில்லை. வியாபாரத்துக்கு உங்கள் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, மெயிலை அந்தப் பெயரில் வையுங்கள். சேவை தருபவர் யாராக இருந்தாலும், நாளை எம்.எக்ஸ். பதிவை, அதாவது மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பை, மாற்றினால் அதே முகவரியில் மெயில் வேறிடத்துக்கு வரும். டொமைன் பதிவில் உரிமையாளர் பெயரும் மெயிலும் போன் எண்ணும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வெப்சைட் செய்து கொடுப்பவர் வசதிக்காகத் தன் கணக்கிலேயே பதிவு செய்துவிடுவதுதான் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. பதிவு மெயிலாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் நினைவூட்டல் வந்து சேரும் வழியும் அதோடு அடைபட்டுவிடும்.

உங்கள் கணக்கில் உள்ளதை நகலெடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட்டில் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். கோப்பு அளவை 2 ஜி.பி. என்று தேர்ந்தெடுங்கள். 50 ஜி.பி. ஒரே கோப்பாகக் கேட்டால் மலையில் மின்சாரம் ஒருமுறை போனாலும் பதிவிறக்கம் பாதியில் நிற்கும். இணைப்பு 7 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் மெயில் வந்த அன்றே ஆரம்பியுங்கள். இறக்கியதைத் திறந்தும் பாருங்கள். ஏதாவது ஒரு துண்டு குறைந்திருக்கலாம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. இரண்டு நிறுவனங்களிடம் லைன் வாங்கினால் பாதுகாப்பு என்று நினைத்து, இரண்டு இழையும் ஒரே கம்பத்தில் தொங்கினால் பயனில்லை. ஒன்று 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை வழியாகவும் இன்னொன்று குப்பனூர் வழியாகவும் ஏறுகிறதா என்று கேட்டுப் பிறகு காசு கட்டுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்த மாதிரி நாட்களில் இழையும் சேர்ந்தே போகும்.

நெட் நின்றால் முதலில் இழை வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியைப் பாருங்கள். லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, இழை எங்கோ அறுந்திருக்கிறது. கேபிள்கார அண்ணனைக் கூப்பிட வேண்டியதுதான். பான் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி பலவீனமாக இருக்கலாம். அப்படியானால் பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்.எக்ஸ். பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, மைனஸ் 27 டி.பி.எம்.முக்கும் கீழே போயிருக்கும். மடங்கிய பேட்ச் கார்டு (பெட்டியில் செருகும் குட்டி இழை), ஈரம் ஏறிய இணைப்பு, பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இரண்டு விளக்கும் சரியாக இருந்து 8.8.8.8க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயர் தேடும் சர்வரில் கோளாறு, ரவுட்டரில் டி.என்.எஸ். முகவரியை மாற்றுங்கள். எல்லாத் தளமும் திறந்து ஒன்று மட்டும் திறக்காவிட்டால், மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வராவிட்டால், 2025 அக்டோபர் 20 அன்று வர்ஜீனியாவில் அமேசான் கிளவுட் நின்று உலகெங்கும் ஆப்கள் முடங்கியதைப் போல, கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மாறாது.